முழக்குவோரின் செவி

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், சேலையூரைத் தாண்டிச் செம்பாக்கத்திற்கு முன்னே வரும் ஊர் ராஜகீழ்ப்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த இவ்வூர் இன்று தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி. பகலெல்லாம் பேருந்துகளின் ஒலிப்பான். அது சற்று ஓய்ந்தால் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் விமானத்தின் இரைச்சல். அமைதி என்பது இரவு பதினொரு மணிக்குமேல் மட்டுமே கிட்டும் அரும்பொருள் இங்கே. அத்தகைய ஊரில், சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளடங்கிய ஒரு வீட்டின் மாடி அறையிலிருந்து, சனிக்கிழமை மாலைதோறும் டிரம்ஸ் ஒலி எழும். அண்டை வீட்டாருக்கு அஞ்சிச் சுவரெங்கும் பழைய மெத்தைகளைச் சாத்தி வைத்துக்கொண்டு, நான்கு இளைஞர்கள் அங்கே ராக் இசை பயில்கின்றனர். அவர்களுள் டிரம்ஸ் வாசிப்பவர் நமக்கு முன்பே அறிமுகமானவர். ஒரு காலத்தில் நம் பங்கின் பாடகர் குழுவில் வாசித்தவர். இன்று அவர் அங்கே வாசிப்பதில்லை. அதற்கு நாமும் ஒரு காரணம். அதைப் பின்னர் சொல்வோம்.

சென்ற கிறிஸ்து பிறப்புக் காலத்தில் அவ்விளைஞரின் தந்தையாரைக் காணச் சென்றிருந்தோம். மாடியில் இசை நின்று, வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. உலகிலேயே சிறந்த டிரம்ஸ் கலைஞர் யார் என்பதே வழக்கு. ஒருவர் கைப்பேசியில் ஒரு காட்சியைக் காட்டி, ஒரு நிமிடத்தில் இத்தனை அடி அடிக்கிறாரே, இவரை மிஞ்ச யார் உண்டு என்றார். இன்னொருவர் ஜான் பான்ஹம் என்றார். மூன்றாமவர், நம்மூர்ச் சிவமணியை விட்டுவிட்டு எங்கோ போய்த் தேடுவானேன் என்றார். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் வாய் திறக்கவில்லை. ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார்.

அற்பமான வினா என்றே முதலில் நமக்குப் பட்டது. வீடு திரும்பும் வழியில்தான் அது நம்மை விடவில்லை என்பதை உணர்ந்தோம். பாடுகிறவரைச் சிறந்தவர் என்று சொல்வதற்கு நம்மிடம் அளவுகோல் உண்டு. குரல் இனிமை என்போம், சுருதி என்போம். பின்னால் அமர்ந்து கொட்டுகிறவரை எதைக் கொண்டு அளப்பது? வலிமையையா? வேகத்தையா? அல்லது அவர் இருக்குமிடமே தெரியாமல் வாசிப்பதையா? கடைசியாகச் சொன்னதை ஏற்றால், தன்னை மறைத்துக்கொள்வதே பெருமை என்று ஆகிவிடும். அது நம் செவிக்கு இனிய போதனைதான். ஆனால் அது உண்மையா?

டிரம்ஸ் என்னும் கருவித்தொகுதியின் வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். அணிவகுப்புகளில் பெரிய முரசை ஒருவரும், சிறிய முரசை ஒருவரும், உலோகத் தாளங்களை மற்றொருவரும் முழக்கினர். நம் தேர்பவனிகளில் வரும் பேண்டு வாத்தியக் குழுவில் இன்றும் அப்படித்தான். அமெரிக்க நடன அரங்குகளில் இடமும் குறைவு, கூலியும் குறைவு. மூவர் வேலையை ஒருவர் செய்ய வேண்டியதாயிற்று. 1909-இல் லுட்விக் என்பார் பெரிய முரசைக் காலால் மிதித்து அடிக்கும் மிதியைச் செம்மைப்படுத்திக் காப்புரிமை பெற்றார். 1920-களில், இரண்டு உலோகத் தட்டுகளைக் காலால் திறந்து மூடும் ஹை-ஹாட் வந்து சேர்ந்தது. ஆக, கைகள் இரண்டும் கால்கள் இரண்டும் நான்கு வெவ்வேறு வேலைகளைச் செய்ய, ஒரே மனிதர் நால்வராகிவிடுகிறார். இக்கருவி பிறந்ததே சிக்கனத்தால் என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும். மேடையின் ஓரத்தில், எவருடைய முகமும் தெரியாத இடத்தில் அவருக்கு நாற்காலி போட்டதும் அதே சிக்கனம்தான்.

நம் நாட்டில் அந்த நாற்காலி இன்னும் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. கோடம்பாக்கத்துத் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களை எண்ணிப் பாருங்கள். பாடகரும் வயலின் குழுவினரும் தபேலாக்காரரும் ஒரே வேளையில் கூடி வாசித்துப் பாட்டு முழுவதையும் ஒருசேரப் பதிந்த காலம் அது. ஒருவர் தவறினால் அத்தனை பேரும் மறுபடி முதலிலிருந்து. அக்கூடங்களில் டிரம்ஸ் வாசித்தவர்களுள் நோயல் கிராண்ட் ஒருவர். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் அப்பணியைச் செய்தவர் புருஷோத்தமன். 2020-ஆம் ஆண்டு மே மாதம் அவர் மறைந்தார். அவர் கைவண்ணத்தைக் கேளாத தமிழ்ச் செவி இராது. ஆனால் அவர் பெயரை அறிந்தோர் எத்தனை பேர்? ஒலிநாடாவின் உறையில் படத்தின் பெயரும் பாடகர் பெயரும் கவிஞர் பெயரும் இருந்தன. வாசித்தவர்களுக்கு அங்கே இடம் ஒதுக்கியவர் அரிது. நாமும் எத்தனையோ மாலைகளில் அப்பாடல்களுக்கு விரல்களால் மேசையில் தாளம் போட்டிருக்கிறோம். யாருடைய தாளத்தைப் போடுகிறோம் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை.

ஆனந்தன் சிவமணி வந்தபின் இந்நிலை ஓரளவு மாறியது. 1959-இல் பிறந்த இச்சென்னைக்காரர், தாளக் கலைஞரான தந்தையின் வழியில் சிறுவயதிலேயே குச்சியைக் கையிலெடுத்தவர். நோயல் கிராண்டையும் அமெரிக்கக் கலைஞர் பில்லி காபமையும் தம் முன்னோடிகளாகப் போற்றுபவர். 1990-இல் மும்பை ரங் பவனில் ஜாகிர் உசேன், திரிலோக் குர்து, லூயி பேங்க்ஸ் ஆகியோருடன் ஒரே மேடையில் வாசித்தார். ஏ. ஆர். ரகுமானின் இசை நிகழ்ச்சிகளில் அவர் தனித்து நிற்பதை உலகமே கண்டது. பெட்டியும் தண்ணீர்க் குடமும் அவர் கையில் இசைக்கருவிகளாகும். 2019-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இது வெறும் வித்தை என்று முகம் சுளிப்போர் உண்டு. நாமும் முன்பு அவ்வாறு சுளித்தவரே. இப்போது அப்படி எண்ணுவதற்கில்லை. தலைமுறை தலைமுறையாகப் பின்னால் அமர்த்தப்பட்ட ஒருவர் முன்னால் வந்து நிற்பதில் தற்பெருமையும் இருக்கலாம், நீதியும் இருக்கிறது.

இனி, வேகம் என்று சொன்ன அந்தக் கித்தார் இளைஞரின் கட்சியைப் பார்ப்போம். வேகமும் தவறாத தாளமும்தான் சிறப்பென்றால் வழக்கு 1980-லேயே முடிந்துவிட்டது. அவ்வாண்டில் லின், ரோலண்ட் முதலிய தாளப் பொறிகள் சந்தைக்கு வந்தன. அவை களைப்பதில்லை, கூலி கேட்பதில்லை, ஒருபோதும் முந்துவதோ பிந்துவதோ இல்லை. நம் திரையிசையிலும் கணினி நுழைந்து, பலருடைய வாழ்வாதாரத்தைக் கேள்விக்குறியாக்கியது. ஆயினும் மனிதர் வாசிப்பது முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ஏன்? 2011-இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து வெளியிட்டனர். தேர்ந்த கலைஞர்கூடத் துல்லியமான கணத்திலிருந்து ஓரிரு நூற்றிலொரு பங்கு விநாடி முந்தியோ பிந்தியோதான் அடிக்கிறார். ஆனால் அந்தப் பிசகு தாறுமாறானதன்று. இப்போது நேர்ந்த பிசகு, நெடுநேரம் கழித்து வரும் பிசகோடு உறவுடையதாய் இருக்கிறது. பொறியின் துல்லியத்தை மென்மையாக்க இத்தகைய உறவுள்ள பிசகுகளைப் புகுத்திய இசையையே, வெறும் தாறுமாறான பிசகுகளைப் புகுத்திய இசையைவிடக் கேட்போர் விரும்பினர். மனிதரின் கைக்கு நினைவிருக்கிறது என்றே இதைப் புரிந்துகொள்கிறோம். பொறி நேரத்தை அளக்கிறது. மனிதர் அந்நேரத்தினுள் வாழ்கிறார்.

துல்லியம் அன்று, வேகமும் அன்று என்றால் வேறு எது? மேலைநாட்டு ராக் இசையின் இரு மூத்தவர்களை நினைவுகூர விழைகிறோம். முதலாமவர் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார். இடக்கைப் பழக்கமுள்ளவர். சிறு வயதில் பாட்டியார் அவரை வலக்கைக்கு மாற்றினார் என்று அவரே சொல்லியிருக்கிறார். நம் வீடுகளிலும் நடந்த கதைதானே இது! அவர் வலக்கைக்காரருக்கான கருவியில் இடக்கை மனத்தோடு வாசித்தார். அதனாலேயே அவர் கை முரசுகளின்மேல் உருண்டோடும் விதம் பிறரால் எளிதில் பின்பற்ற முடியாததாயிற்று. 1962-இல் அக்குழுவில் சேர்ந்து, 1970-இல் அது கலையும்வரை அவர் தனித்து முழக்கியது ஒரே ஒரு முறைதான். 1969-இல் வெளிவந்த அபே ரோடு இசைத்தட்டின் இறுதியில், சில விநாடிகள். தனி முழக்கம் அவருக்குப் பிடிக்காது.

இரண்டாமவர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் சார்லி வாட்ஸ். 1963-இல் சேர்ந்து, 2021 ஆகஸ்டு 24 அன்று தமது 80-ஆம் வயதில் மறையும்வரை அக்குழுவில் இருந்தவர். ஜாஸ் இசையின்மீது தீராக் காதல் கொண்டவர். தாம் தங்கிய ஒவ்வொரு விடுதியறைக் கட்டிலையும் படமாக வரைந்து வைத்த விநோதர். அவரிடம் ஒரு சிறு வழக்கம் இருந்தது. ராக் இசையில் வலக்கை ஹை-ஹாட்டை இடைவிடாது தட்டிக்கொண்டிருக்க, இடக்கை குறித்த இடங்களில் சிறு முரசில் ஓங்கி அடிக்கும். பெரும்பாலோர் அக்கணத்தில் இரண்டையும் சேர்த்தே அடிப்பர். வாட்ஸ் அவ்வாறு செய்வதில்லை. இடக்கை அடிக்கும் அக்கணத்தில் வலக்கையை மேலே தூக்கிவிடுவார். அதனால் சிறு முரசின் அடி, சுற்றிலும் வேறெந்த ஓசையுமின்றித் தூய்மையாக விழும். பழைய நிகழ்ச்சிப் பதிவுகளில் இதை யாரும் கண்ணால் காணலாம். இதில் நம்மைக் கவர்வது என்னவென்றால், ஒரு கை தன் உடன்பிறந்த கைக்கே வழிவிடுகிறது! தம் கைகளுக்குள்ளேயே ஒன்று பேச மற்றொன்று கேட்கும்படி பழக்கியவர், மேடையில் பாடுபவருக்கு வழிவிடுவது வியப்பன்று. குழுவின் கித்தார்க் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் எங்கே இழுக்கிறாரோ அங்கே இவர் சாய்வார்.

இத்துடன் நிறுத்தினால் கட்டுரை எளிதாக முடிந்துவிடும். அடக்கமே பெருமை என்று எழுதிக் கையொப்பமிட்டுவிடலாம். ஆனால் ஜான் பான்ஹமை என்ன செய்வது? லெட் செப்பெலின் குழுவைச் சேர்ந்த இவர் அடக்கத்திற்கு எதிர்ப்பதம். மேடையில் தனி முழக்கத்தை அரை மணி நேரம்வரை நீட்டுவார். சில வேளை குச்சிகளை எறிந்துவிட்டு வெறுங்கையால் கொட்டுவார். 1971-இல் வெளிவந்த ஒரு பாடலுக்காக, ஒரு பழைய மாளிகையின் படிக்கட்டு அடியில் அவருடைய முரசுகளை வைத்து, ஒலிவாங்கிகளை மேல்தளத்தில் பொருத்திப் பதிவு செய்தார்கள். மாளிகை முழுவதுமே முரசாகிவிட்டதோ என்று தோன்றும் அளவுக்கு இருக்கும் அந்த ஒலி. தி ஹூ குழுவின் கீத் மூன் இன்னும் ஒருபடி மேலே. தாளத்தைத் தாங்குவது தம் வேலையே அன்று என்பதுபோல், பாட்டு ஓடும்போதே எல்லா முரசுகளிலும் புயலாகச் சுழல்வார்.

இவர்களைச் சிறந்தவர்களென்று ஏற்காதவர் இலர். அப்படியானால் ரிங்கோவுக்கும் இவர்களுக்கும் பொதுவானது எது? பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் நமக்குத் தோன்றியது இது. பான்ஹம் எவ்வளவு ஓங்கி அடித்தாலும், கித்தார் சொல்லும் வாக்கியத்தின் வளைவிலேயே அவர் காலடி விழுகிறது. மூனின் புயல் பாடுபவர் மூச்சு வாங்கும் இடத்தில் எழுந்து, அவர் மறுபடி வாய் திறக்கையில் ஒதுங்குகிறது. இருவரும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். ஓங்கி அடிப்பவர் கேட்பதில்லை என்பது நம் தப்பெண்ணம். மெல்ல அடிப்பவர் கேட்கிறார் என்பதும் அதற்கு இளைத்ததன்று. தம் தட்டைப் பார்த்துக்கொண்டு, எவரையும் செவிமடுக்காமல், பணிவாக டொக்கு டொக்கென்று தட்டும் பல நல்லவர்களை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களோடு பாடுவது சுவரோடு பேசுவது போன்றது. எனவே அளவுகோல் சத்தத்தின் மிகுதியோ குறைவோ அன்று. கை முழங்கும்போதும் செவி மூடாதிருத்தலே அது. சொல்வதற்கு எளிது. பேசிக்கொண்டே பிறர் பேச்சைக் கேட்கக்கூடியவர் நம்முள் எத்தனை பேர் என்று எண்ணினால் அதன் அருமை விளங்கும்.

இங்கே ஒரு நெருடலையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். கீத் மூன் 1978-இலும் ஜான் பான்ஹம் 1980-இலும் இறந்தனர். இருவருக்கும் வயது 32. மூன் மதுப்பழக்கத்திலிருந்து மீள உட்கொண்ட மாத்திரைகளின் மிகையால் மாண்டார். பான்ஹமைக் குடியே கொன்றது. மேடையில் பிறர் விடும் மூச்சைக்கூடக் கேட்ட செவிகள், தம் உடலும் இல்லத்தாரும் எழுப்பிய கூக்குரலைக் கேட்கவில்லை. சார்லி வாட்ஸும் 1980-களின் நடுவே சில ஆண்டுகள் போதையில் தடுமாறி மீண்டவரே. கலையில் பழகிய நல்லொழுக்கம் வாழ்விலும் தானாகப் பரவும் என்று நம்ப ஆசைதான். உண்மை அதற்கு இடந்தரவில்லை. செபத்தில் கவனமாயிருப்போர் சாப்பாட்டு மேசையில் மனைவியின் சொல்லைக் கவனியாதிருப்பதை நாம் அறியோமா?

பான்ஹம் இறந்தபின் அவருடைய தோழர்கள் வேறொருவரைத் தேடவில்லை. அவ்வாண்டு டிசம்பரில், இனித் தங்களால் முன்போல் தொடர முடியாது என்று அறிவித்துக் குழுவைக் கலைத்துவிட்டனர். பின்னால் அமர்ந்திருந்தவர் போனதும் முன்னால் நின்றவர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. மற்றொரு குழுவோ வேறு வகையில் தன் டிரம்ஸ் கலைஞரைப் போற்றியது. டெஃப் லெப்பர்டு குழுவின் ரிக் ஆலன், 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் இடக்கையை இழந்தார். அப்போது அவருக்கு வயது 21. இடக்கை செய்த வேலையை இடக்காலுக்குக் கற்றுக்கொடுத்து, மின்னணு மிதிகளின் துணையோடு மறுபடி பயின்றார். நண்பர்கள் அவசரப்படவில்லை, காத்திருந்தனர். 1986-இல் அவர் பெருந்திரளின் முன் வாசித்தார். மறு ஆண்டு வெளிவந்த அவர்களுடைய இசைத்தட்டு உலகெங்கும் விற்றது. இங்கே செவி கொடுத்தவர் டிரம்ஸ் கலைஞர் மட்டும் அல்லர். குழுவும் அவருக்குச் செவி கொடுத்தது. இதை நாம் கருத்தூன்றிப் படித்தோம். காரணம் உண்டு.

அதற்குமுன் நம் மண்ணுக்கே உரிய ஒரு வினாவையும் எதிர்கொள்ள வேண்டும். வழிவிடுதல், ஒதுங்குதல், பெயர் தெரியாதிருத்தல் ஆகியவற்றைப் புகழ்ந்து எழுதுகையில் நம் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. இந்நாட்டில் முழக்குவோர் ஒதுங்கியது தம் விருப்பத்தாலா? பறையடித்தவர் ஊரின் ஓரத்தில் நின்றது கலைநயம் கருதியா? சாவுக்குக் கொட்ட அழைத்து, கொட்டியபின் தீண்டாமல் அனுப்பிய ஊர் இது. அந்த இழிவைத் தாங்காது, இனிப் பறையடியோம் என்று கருவியையே துறந்தோர் பலர். அதே பறையைக் கலையாக மீட்டெடுத்தோரும் உண்டு. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதை அந்த நெடும்பயணத்தின் ஓர் எல்லைக்கல் எனலாம். கிறிஸ்தவ வழிபாட்டிற்குள் நாட்டார் இசையைக் கொணரப் பாடுபட்டவர் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தியோபிலஸ் அப்பாவு.

மிருதங்கத்தின் கதையும் நமக்கு அந்நியமன்று. பாலக்காடு மணி அய்யர் (1912–1981) பாட்டின் போக்கறிந்து வாசித்த மேதை. எங்கே கொட்டாதிருப்பது என்பதை அறிந்தவர் என்று அவரைச் சொல்வர். அவருடைய மிருதங்கங்களைச் செய்து, தோலைத் தேர்ந்து, நாதத்தை அவரோடு சேர்ந்து தேடியவர் பர்லாந்து. தஞ்சையில் செபஸ்தியான் என்பவரின் வழிவந்த தலித் கிறிஸ்தவக் குடும்பத்தவர். டி. எம். கிருஷ்ணா 2020-இல் எழுதி வெளியிட்ட நூல் வழியாகவே இப்பெயர்கள் பரவலாகத் தெரியவந்தன. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல்கள் இல்லாமல் மிருதங்கம் இல்லை. அத்தோலைத் தொட்டவரை எட்ட நிறுத்தியவர்கள் அதன் ஒலியைத் தெய்விகம் என்றனர். நம்மவர் குடும்பங்கள் அவை. நாமும் அவர்களைக் கேட்டறிந்தோமில்லை. ஆகவே, ஓங்கி ஒலிக்கத் தகுதியும் இடமும் பெற்ற ஒருவர் பிறருக்காகக் கையைத் தூக்கிக்கொள்வது வேறு. குரலெழுப்பவே இடம் பெறாதவரிடம் அடக்கத்தைப் போற்றுவது வேறு. முன்னது கலை. பின்னதற்கு நல்ல பெயர் எதுவும் இல்லை.

இனி நம் கதைக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு அந்த இளைஞர், அப்போது பள்ளி மாணவர், திருப்பலியில் டிரம்ஸ் வாசிக்கத் தொடங்கினார். சத்தம் மிகுதி என்று முணுமுணுப்பு எழுந்தது. மிகுதிதான், கான்கிரீட் கூரையின் கீழ் எதுவும் மிகுதியாகவே கேட்கும். பங்கின் மூத்தோர் சிலர் கூடி ஒரு கடிதம் எழுதினோம். 1903-இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் ஆலயத்தில் முரசு, தாளம் முதலிய இரைச்சற் கருவிகளை விலக்கியதை அதில் எடுத்துக்காட்டினோம். அதே ஆவணம் பியானோவையும் விலக்கியிருந்ததை நாம் குறிப்பிடவில்லை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டிற்குத் தக்கவாறு பிற கருவிகளையும் ஏற்கலாம் என்று கதவைத் திறந்ததையும் வசதியாக மறந்தோம். 150-ஆம் திருப்பாடல் மத்தளத்தையும் தாளங்களையும் அழைக்கிறதே என்று ஒருவர் கேட்டபோது, அன்பற்ற பேச்சுக்குப் புனித பவுல் உவமையாகத் தேடியதும் தாளத்தைத்தானே என்று விடை கூறி மடக்கினோம். வாதத்தில் வென்றோம். டிரம்ஸ் சென்றது, அதனுடன் சிறுவனும் சென்றான். மெல்ல வாசிக்க முடியுமா தம்பி என்று அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. பாடகர் குழுவில் இப்போது ஒரு மின்னணு விசைப்பலகை இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் தாளம் வருகிறது. மக்கள் எங்கே மூச்சு வாங்கினாலும் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

வாக்குவாதம் கேட்ட அந்த மாலைக்குப் பின், சனிக்கிழமையொன்றில் மறுபடியும் அந்த மாடிக்குச் சென்றோம். மற்ற மூவரும் இன்னும் வந்திருக்கவில்லை. அன்றைய வழக்கில் உம் தீர்ப்பு என்ன, யார் சிறந்தவர் என்று வினவினோம். அவர் சிரித்தார்.

“அதை எப்படி அங்கிள் வாயால சொல்றது? நீங்க ஒரு பாட்டுப் பாடுங்க.”

மறுத்துப் பார்த்தோம். விடவில்லை. இளமையில் இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்த பழைய மாதா பாடல் ஒன்றைத் தொடங்கினோம். அறுபதைக் கடந்த நுரையீரல். அடிக்கு அடி இழுபடும் குரல். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றை எடுத்துச் சிறு முரசின் தோல்மேல் தேய்த்தார். முதல் அடியில் அவர் வாசிப்பதே நமக்குக் கேட்கவில்லை. இரண்டாம் அடியில், நாம் மூச்சுக்குத் திணறி நின்ற இடத்தில் அவரும் நின்றார். அந்த நிறுத்தம் பாட்டிலேயே இருப்பதுபோல் ஆயிற்று. மூன்றாம் அடியில் பெரிய முரசு மெல்ல இரண்டு முறை அதிர்ந்தது. யாரோ முதுகில் கைவைத்துத் தாங்குவதுபோன்ற உணர்வு. நாம் ஒருபோதும் பாடியிராதவாறு பாடினோம் என்பது தற்புகழ்ச்சி அன்று. அந்தப் பாட்டு நம்முடையது மட்டும் அன்று.

முடிந்ததும் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. சாலையில் பேருந்தொன்று ஒலியெழுப்பிச் சென்றது. படியில் காலடி கேட்டது, நண்பர்கள் வந்துகொண்டிருந்தனர். அவர் துடைப்பத்தை வைத்துவிட்டுக் குச்சிகளை எடுத்து, தலை நிமிராமலே சொன்னார்.

“அந்த லெட்டர்ல உங்க கையெழுத்தும் இருந்துச்சு, அங்கிள். மூணாவது.”

அவர் அதைப் பார்த்திருப்பார் என்று நாம் எண்ணியதே இல்லை. ஆம் என்றோம். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் கித்தார்க்காரர் உள்ளே வந்து கம்பியை மீட்டிச் சுருதி பார்க்கத் தொடங்கினார். இளைஞர் ஒரு கையால் சைகை காட்டி அவரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, நம் பக்கம் திரும்பினார். குச்சிகள் மடிமேல் இருந்தன. நாம் சொல்லப்போவதற்காக அவர் காத்திருந்தார்.